வரத்துக்காலிலிருந்து தொடங்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தென்னேரிப் பக்கத்தில் ஒரு பாசன சங்கத்துக்கு இருபத்தாறு வயதுப் பெண் செயலாளர் ஆகியிருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. கட்டடப் பொறியியல் படித்து, ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்த்தவள் ஊருக்குத் திரும்பி மதகுச் சாவியை வாங்கிக்கொள்கிறாள் என்றால், அந்த ஏரிக்கு இன்னும் நல்ல காலம் இருக்கிறது. உனக்கு எழுதுவதை உன்னைப் போன்ற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மூன்று கேள்வி கேட்டிருந்தாய். வறட்சிக்கென்று வரும் மானியத்தை எந்தத் துறையில் கேட்பது, மதிப்பீட்டை எத்தனை லட்சத்துக்குப் போடுவது, மனுவை யார் கையில் கொடுத்தால் கோப்பு நகரும். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் உன் நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு விவரத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. போன மழைக்கு ஏரி எத்தனை அடி நின்றது, கடைமடை வயலுக்கு எத்தனை முறை தண்ணீர் போனது என்று நீ எழுதவேயில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த அலுவலகப் படியும் ஏறாதே.

நான் இப்படிக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசு வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு வறட்சி ஆண்டின் கடைசியில், என் பொறுப்பில் இருந்த ஓர் ஏரிக்கு நிதி வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மார்ச் 31-க்குள் செலவு காட்ட வேண்டும், கையில் இருந்தது ஐந்து வாரம். சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற கரையை எடுத்துக்கொண்டேன். சீமைக் கருவேலத்தை வெட்டினோம், கரையை உயர்த்தினோம், மேலே கிராவல் போட்டோம், உபரிநீர் வழியும் கலங்கல் சுவரைப் பூசி வெள்ளையடித்தோம். பார்வையிட வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஐப்பசியில் நல்ல மழை. சுற்றுவட்டார ஏரிகளெல்லாம் நிரம்பிக் கோடி போயின. எங்கள் ஏரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

மழை விட்ட மறுநாள், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை முதல்முறையாக நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் வாய்க்காலின் பாதி அகலம் வயலாகியிருந்தது. இன்னோர் இடத்தில், வண்டி போக வேண்டும் என்று, குழாய் வைக்காமல் மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். அந்த மண்ணை வெட்டி எடுக்க இரண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலை. மேலே வந்த வெள்ளமெல்லாம் அந்த இடத்தில் திரும்பி ஓடைக்குப் போய்விட்டது. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “கரைய நல்லா கட்டிட்டீங்க சார். தண்ணி எந்த வழியா வரும்னு பாத்தீங்களா?” அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். ஒரு மதிப்பீட்டில்கூட வரத்துக்காலை நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

உனக்குக் கணக்கு வரும் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். நூறு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் ஓர் அடி ஆழத்துக்கு வண்டல் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள். ஓர் ஏக்கரில் ஓர் அடி என்பது 43,560 கன அடி. மூன்று யூனிட் டிப்பரில் 300 கன அடி போகும். ஏக்கருக்கு 145 நடை, நூறு ஏக்கருக்கு ஏறக்குறைய 14,500 நடை. இத்தனை வண்டி ஓடினால்தான் ஏரி நூறு ஏக்கர் அடி தண்ணீர் கூடுதலாகக் கொள்ளும், அதுவும் அந்த அளவுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால். இப்போது வரத்துக்காலைப் பார். அடைப்பை நீக்கியதால் விநாடிக்குப் பத்து கன அடி தண்ணீர் கூடுதலாக வருகிறது என்றால், ஒரு நாளைக்கு 8,64,000 கன அடி. ஐந்து நாளில் 43 லட்சம் கன அடியைத் தாண்டிவிடும். அதாவது அந்த 14,500 நடை டிப்பர் உண்டாக்கிய இடத்தை ஏறக்குறைய நிரப்பும் தண்ணீர், ஐந்தே நாளில், மண்வெட்டி வேலையால் வந்துவிடும். ஏரி வருடா வருடம் நிரம்பி வழிகிறது என்றால் தூர் வாரு. நிரம்பவேயில்லை என்றால், ஆழப்படுத்துவது காலி அண்டாவைப் பெரிதாக்குகிற வேலை.

தூர் வாருவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறி வராது. மாடு குடிக்கும், மீன் வாழும், பக்கத்துக் கிணறு ஊறும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதைப் பாசனக் கொள்ளளவு என்று மதிப்பீட்டில் எழுதினால் பொய். கரையின் காலடியில் பள்ளம் எடுக்க விடாதே. வண்டிக்குக் கிட்டத்தில் இருக்கிறதென்று அங்கேதான் முதலில் இயந்திரத்தை இறக்குவார்கள், அடுத்த பெருமழையில் கரை அங்கேதான் சரியும்.

ஆகவே உன் முதல் வேலை மெமாயரைக் கேட்டு வாங்குவது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது. அதன் பிறகு 1883-ல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஏரி ஏரியாகப் போய் அளந்து, நீர்ப்பிடிப்பு எவ்வளவு, கரை நீளம் எவ்வளவு, எந்த மதகு எந்த மட்டத்தில், கலங்கல் எந்த மட்டத்தில், பாசனம் பெறும் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று எழுதி வைத்தார்கள், அந்தப் பதிவுதான் மெமாயர். நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகங்களில் பழுப்பேறிய தாளில் அது இன்றும் கிடைக்கும். அதோடு வருவாய்த் துறையிலிருந்து வரத்துக்கால் போகும் சர்வே எண்களுக்குப் புலப்படம் வாங்கிக்கொள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், காகிதத்தில் இருக்கும் வாய்க்கால் தரையில் எங்கே காணாமல் போகிறது என்று உனக்கே தெரியும். அந்த இடத்தில்தான் உன் மனு தொடங்க வேண்டும்.

தென்னேரி தனி ஏரி இல்லை, அதை நினைவில் வை. 18 அடி ஆழம் நிற்கிற, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. மன்னன் தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று இருந்ததே தென்னேரி ஆயிற்று என்பது வழிவழிச் செய்தி. இந்த வட்டாரமே ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்த நாடு. மேலே இருக்கும் சிற்றேரியின் உபரி கீழே இருக்கும் பேரேரிக்கு வரத்து. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அந்தச் சங்கிலி இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். பெரிய ஏரிக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதற்குத் தண்ணீர் தர வேண்டிய சிற்றேரியின் கலங்கல் உடைந்து கிடப்பதை யாரும் கேட்காமல் விடுவது இதனால்தான். நீ இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே வரைபடத்தைக் கொண்டு போ. மேலூர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

இனி பணம். வறட்சிப் பணம் வேறு, நீர்ப் பாதுகாப்புப் பணம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மனு எழுதுகிறவர்கள் பலர். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது தெரியுமா? பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்பது அன்றைய பேரிடர் நிதி விதிமுறை, அதை ஏக்கராக்கினால் 5,465. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதுவும். மாநிலம் மத்திய அரசிடம் 39,565 கோடி ரூபாய் கேட்டது, தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புக்கொள்ளப்பட்டது 1,748 கோடி. இந்தப் பணம் கருகிப்போன பயிருக்கு ஆறுதல். அடுத்த பயிருக்கு விதை வாங்க உதவும், வட்டிக்காரனிடம் போகாமல் ஒரு மாதம் தடுக்கும். அதனால் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். வாங்க வேண்டிய ஒவ்வொருவரும் வாங்கினார்களா என்று பார்ப்பதும் உன் வேலைதான். குத்தகைக்கு உழுதவர் பெயர் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இருக்காது, பணம் சென்னையில் இருக்கிற நில உரிமையாளருக்குப் போய்விடும். ஆகவே கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதும் காலத்திலேயே பயிர் செய்கிறவர் பெயரைச் சேர்க்கச் சொல்.

ஆனால் அந்தப் பணத்தில் ஒரு மதகுகூடப் பழுது பார்க்க முடியாது. 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு மாநிலப் பேரிடர் நிதியைப் பிரித்தபோது, நூறில் எண்பது ரூபாயை நிவாரணத்துக்கும், இருபதை முன்தடுப்புக்கும் வைத்தது. முன்தடுப்புக்கென்று தனியாக வைத்ததே பெரிய முன்னேற்றம்தான். என்றாலும் என் எண்ணத்தில், ஏரி நாட்டுக்கு இந்த விகிதம் தலைகீழ். 2015 டிசம்பரில் நம் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. பதின்மூன்று மாதம் கழித்து அதே மாவட்டம் வறட்சி பாதித்தது. முதலாவதற்கும் நிவாரணம், இரண்டாவதற்கும் நிவாரணம். நடுவில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் செலவழித்தது எவ்வளவு என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

கொடுக்கிற நிவாரணத்திலும் கூலியைக் குறைக்கிற நோய் இன்று வந்ததில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணா சில்லறையும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் குறைத்து வைத்தார். டெம்பிள் கூலி என்று அதற்குப் பெயரே உண்டு. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலியில்தான் வெட்டப்பட்டது. பசித்தவன் உடம்பிலிருந்து பிழிந்த வேலை அது. நிவாரண வேலை என்று எதை நீ எடுத்து நடத்தினாலும், கூலி முழுதாகவும் நாள் தவறாமலும் போகிறதா என்று முதலில் பார். நூறு நாள் வேலையில் வரத்துக்கால் வெட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், வெயிலில் குழந்தையை மர நிழலில் விட்டுவிட்டு வருகிறவர்கள்.

எந்தக் கதவைத் தட்டலாம் என்று கேட்டாய். திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாதே. வரத்துக்கால் தூர் வாருவதும் குளம் வெட்டுவதும் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளில் வரும். 15-ஆவது நிதிக்குழுவின் காலத்தில் ஊராட்சிக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம், குறிப்பிட்ட வேலைகளுக்கென்றே கட்டுண்ட நிதியாக இருந்தது. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும் உரியதாக இருந்தது. இப்போது எவ்வளவு என்று விசாரித்து, கிராம சபையில் தீர்மானமாகக் கேள். சொட்டுநீர் போடச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். வேலி ஓரத்து மேட்டு நிலக்காரர்களுக்கு அதைச் சொல்லிப் பதிவு செய்துகொடு. உன் ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கேட்கலாம். ஆனால் நடைபாதையும் செல்ஃபி மேடையும் வேண்டாம், மதகுக்குத் திருகு அடைப்பான் வேண்டும் என்று நீதான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

வண்டலுக்கு மானியமே தேவையில்லை. 2024 ஜூன் முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. நஞ்சைக்காரர் ஒருவர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒன்பது டிப்பர் எடுக்கலாம். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம் என்று சங்கம் கழி நட்டு அடையாளம் வைத்தால், வயலும் வளமாகும், ஏரியும் ஆழமாகும். அடையாளம் வைக்காவிட்டால் அந்த அனுமதிச் சீட்டைக் காட்டிச் செங்கல் சூளைக்கு மண் போகும்.

குடிமராமத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் சங்கத்தில் பாதிப் பேர் அந்த நினைவில்தான் உன்னை மனு எழுதச் சொல்கிறார்கள். 2017 மார்ச் 13-ஆம் தேதி நம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். தொடங்கிய காலம் மிகச் சரி. ஏரி காய்கிற பருவம், மழைக்கு இன்னும் பல மாதம். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். வேலையைப் பாசனதாரர்களே எடுத்துச் செய்ய வேண்டும், பத்து சதவீதம் அவர்கள் பங்கு என்றிருந்தது. அதைப் பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம், உடல் உழைப்பாகவும் தரலாம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. சராசரி எடுத்தால் ஒரு பணிக்கு ஆறரை லட்சம், ஊர்ப் பங்கு அறுபத்தைந்தாயிரம். ஐம்பது குடும்பம் சேர்ந்து சில நாள் மண் சுமந்தால் தீர்ந்துவிடும். 2019-20-ல் அதே திட்டம் 499.68 கோடி ரூபாயில் 1,829 பணிகளாக வளர்ந்தது. சராசரி 27 லட்சம், ஊர்ப் பங்கு 2 லட்சத்து 70 ஆயிரம். இந்தத் தொகையை எந்தச் சிறு ஊர் மண்வெட்டியால் கொடுக்கும்? இங்கேதான் சங்கத்தின் பெயரில் வேறொருவர் இயந்திரத்தோடு வந்து நிற்கிறார், பத்து சதவீதத்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்கிறார். பல மாவட்டங்களில் இந்தப் புகார் எழுந்தது. பணம் பெரிதானபோது குடிகள் சிறுத்துப்போனார்கள். அதனால் சொல்கிறேன், மதிப்பீட்டை எத்தனை லட்சத்துக்குப் போடுவது என்று கேட்டாயே, உன் ஊர் தன் கையால் பத்தில் ஒரு பங்கு வேலையைச் செய்து காட்டக்கூடிய அளவுக்குப் போடு. அதற்கு மேல் தேவையென்றால் இரண்டாம் ஆண்டு கேள்.

மராமத்து என்ற சொல் வெளியிலிருந்து வந்தது, பழக்கம் இங்கேயே இருந்தது. 1858-ல் ஆங்கிலேயர் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டு, குடிமராமத்துக்கு வராதவர்களைத் தண்டிக்கலாம் என்றார்கள். நிலவரியை இறுக்கி, ஏரிக்கென்று களத்தில் ஒதுக்கிய பங்கும் மானியங்களும் குலைந்த பிறகு, வேலைக்கு மட்டும் வா என்றால் யார் வருவார்கள்? ஏரிக்கு வருமானம் இருந்தால் ஏரிக்கு ஆள் இருக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிக்குப் பொன் கொடுத்து, அந்தப் பொன்னின் வட்டியில் வருடா வருடம் தூர் எடுக்கச் செய்த ஏற்பாடுகள் உண்டு. முதலைத் தொடாமல் வட்டியைச் செலவழித்தார்கள். இன்றைய மானியம் முதலையே ஒரு கோடையில் செலவழித்துவிட்டுப் பலகை நட்டுவிட்டுப் போகிறது. 1984-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் மானியத்தில் ஏரிகளை நவீனப்படுத்தியபோது வாய்க்கால்களுக்கு சிமெண்ட் போட்டார்கள். அவற்றில் சிலவற்றை நான் ஓய்வு பெறும் முன் பார்த்தேன். வெடித்த இடத்தில் ஒரு சட்டி சிமெண்ட் வைத்துப் பூச ஊரில் யாரிடமும் காசு இல்லை, அதற்குப் பொறுப்பாளியும் இல்லை.

ஆகவே மானியம் கேட்பதற்கு முன், சங்கத்துக்கு ஒரு சொந்தக் கையிருப்பு உண்டாக்கு. ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 200 ரூபாய் என்று வைத்தால் 400 ஏக்கருக்கு 80,000 ரூபாய். அதில் முதல் செலவு, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியின் கூலி. இந்த வட்டாரத்தில் நீர்க்கட்டி வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் காலனி மக்கள். களத்தில் நெல்லாக வாங்கிக்கொண்டு இரவெல்லாம் மடை மடையாக நடந்தவர்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர்கள் தலைக்குள் இருந்தது. அந்தக் கூலி நின்றதும் அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், அது சரிதான். இப்போது மோட்டார் இருக்கிறவன் மதகைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்கப் போகிறான், தண்ணீர் போக்குக்காலில் ஓடிப் பொங்கலுக்குள் ஏரி வற்றிவிடுகிறது. மாதச் சம்பளம் வைத்து, மரியாதையோடு, சங்கக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர்களை அழை. உன் சங்கத்தில் நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு இருக்கலாம். ஏரி உள்வாயில் மாடு மேய்க்கிறவர், மீன் பிடிக்கிறவர், வண்ணாந்துறை வைத்திருக்கிறவர், கூலிக்கு நடவு நடுகிற பெண்கள் எல்லோருக்கும் ஏரி வேண்டும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை ஒருநாள் நிதானமாகப் பார்த்துவிட்டு வா. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். முப்பது குடும்புகளிலிருந்து பெயர் எடுத்து, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பதவி. நம் பாடப் புத்தகங்கள் அதைத் தேர்தல் என்று கொண்டாடிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே, ஏரிப் பணத்தைக் கையாளுகிறவன் குடும்பமே அதற்குப் பொறுப்பு என்று கல்லில் எழுதினார்கள். அந்தச் சபையில் வேதம் படித்த, கால் வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் இடம். மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்ததில்லை. அதையும் மறக்காதே. அவர்கள் கணக்கு விதியை எடுத்துக்கொள், அவர்கள் போட்ட வேலியை விட்டுவிடு.

உன் கணக்கை எப்படிக் காட்டுவது? தணிக்கைக்குக் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்று, ஊருக்குக் காட்டும் கணக்கு இன்னொன்று. வேலை தொடங்கும் முன், வேலை நடக்கும் இடத்தில் குறுக்குவெட்டு மட்டங்களை எடுத்து, ஊர்ப் பெரியவர்கள் இருவரிடம் கையெழுத்து வாங்கு. மண்ணை எடுத்த பிறகு எத்தனை கனமீட்டர் எடுத்தோம் என்று யாரும் கண்ணால் சொல்ல முடியாது. ஆரம்ப மட்டம் இல்லாத அளவுப் புத்தகம் வெறும் கதைப் புத்தகம். வாராவாரம் செவ்வாய்க்கிழமை மாலை, கரையில், எத்தனை நடை போனது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று சத்தமாகப் படி. முதல் வாரம் இரண்டு பேர் வருவார்கள், நான்காம் வாரம் சண்டை போட ஆள் வருவார்கள். சண்டை வந்தால் சந்தோஷப்படு, ஊர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

கோப்பு நகர்வது பற்றி ஒரு வார்த்தை. யார் கையில் கொடுத்தால் நகரும் என்பதைவிட எந்த மாதத்தில் கொடுத்தால் நகரும் என்பது முக்கியம். நம் பக்கத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகம். சொர்ணவாரி நிற்கும்போது ஏரியில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரை யாரும் வடிய விடமாட்டார்கள். ஆவணி, புரட்டாசியிலேயே இங்கே மழை பிடித்துக்கொள்ளும். ஏரிக்குள் வேலை செய்ய உனக்குக் கிடைப்பது மூன்று மாதம், நல்ல வருடமானால் நான்கு. மே மாதம் மண்வெட்ட வேண்டுமென்றால் நிர்வாக ஒப்புதல் மார்ச்சில் வேண்டும், மதிப்பீடு ஜனவரியில் வேண்டும், வரத்துக்கால் நடை அதற்கு முந்தைய மழையிலேயே முடிந்திருக்க வேண்டும். வறட்சி அறிவித்த பிறகு மனு எழுத உட்கார்ந்தால் அடுத்த மழைதான் உன் வேலையைத் திறந்துவைக்கும். ஏரி நிறைந்து கிடக்கும்போதே வறட்சிக்கான மனுவை எழுதி வைத்துக்கொள்.

ஆக்கிரமிப்பு வரும். 2007-ல் ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் தனிச் சட்டமே வந்தது. அளந்து, அறிவிப்புக் கொடுத்து, அகற்றலாம். சட்டத்தைக் கையில் வைத்துக்கொள், வாயில் முதலில் வைக்காதே. வரத்துக்காலில் நான்கு அடி நகர்த்தி உழுதவரிடம் புலப்படத்தைக் காட்டிப் பேசினால் பத்தில் ஆறு பேர் விட்டுவிடுகிறார்கள். வீடு கட்டிக் குடியிருக்கும் ஏழைகள் விஷயம் வேறு, அவர்களுக்கு மாற்று இடம் கிடைக்கும்வரை நீ அவர்கள் பக்கம் நின்று பேச வேண்டும். சுற்றுச்சுவர் எழுப்பி மனை போட்டவர் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே, எழுத்தில் கொடு, ஒப்புகை வாங்கு.

ஒரு வேலை முடிந்ததும் அது நல்ல வேலையா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது. மழைக்குப் பிறகு தை மாதம் கடைமடைக்குப் போவேன். கடைசி வயலின் சொந்தக்காரரைக் கேட்பேன். “போன வருஷத்தைவிட எத்தனை தண்ணி கூட வந்தது?” ஒன்று என்று சொன்னாலும் வேலை பலித்தது. வரவில்லை என்றால், சான்றிதழ் எத்தனை சுத்தமாக இருந்தாலும் அந்தப் பணம் வீண். உன் சங்கப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் கடைமடையில் இருக்கும் பத்து வயல்களின் சர்வே எண்ணை எழுதி, ஒவ்வொரு போகத்துக்கும் எத்தனை முறை தண்ணீர் போனது என்று குறித்து வா. மூன்று வருடம் அந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டால், எந்த அதிகாரி முன்னாலும் உன் மனுவுக்கு வேறு சிபாரிசு வேண்டாம்.

எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் நடக்க முடியும். அடுத்த நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் பேருந்து பிடித்து வாலாஜாபாத்துக்கு வந்துவிடுகிறேன். மெமாயர் நகல், புலப்படம், மட்டக்கோல் மூன்றையும் எடுத்து வை. உங்கள் ஊரில் வயதான நீர்க்கட்டி யாராவது இருந்தால் அவரையும் வரச் சொல். வரத்துக்காலின் தலைப்பில் தொடங்கி ஏரி வரை தண்ணீரோடு கூடவே நடப்போம். மனுவை அன்று மாலை உட்கார்ந்து எழுதலாம்.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய நண்பன்,
உத்திரமேரூர்